பூனைக்குட்டிகளை நோயினின்று காத்தல்

நோய் வந்தபின் மருந்து தேடுதலினும், நோய் வாராமற் காத்தலே சிறந்தது என்பதை எவரும் ஒப்புவர். ஒப்பினும், அவ்வுண்மையை மக்கட்கும், மிஞ்சினால் ஆடு மாடுகட்கும் பொருத்திப் பார்க்கின்றோமேயன்றி, அடுப்பங்கரையில் நம்மோடு கூடி வாழும் பூனைக்குப் பொருத்திப் பார்ப்பதில்லை. கறவைப் பசு ஒரு நேரம் புல் தின்னாவிட்டால் மிருக வைத்தியரைத் தேடி ஓடுகின்றோம். பூனைக்குட்டி இரண்டு நாள் உணவு கொள்ளாது கிடந்து இறந்தால், "பூனைதானே" என்று கூறி வேலியோரம் புதைத்துவிட்டு அமைகின்றோம். அக்குட்டி ஏன் இறந்தது? அஃது இறவாமற் காத்திருக்கலாமோ? அதனைப் பற்றிய நோய் நம் பிள்ளைகளையும் பற்றுமோ? இம்மூன்று வினாக்களும் கேட்கப்படாமலே போகின்றன.

நாம் மருத்துவரல்லேம், தமிழ் கற்பிக்கும் தொழிலினேம். ஆயினும், பூனை பிறாண்டிய கையோடு வகுப்புக்கு வரும் சிறுவரை ஆண்டுதோறும் காண்பவராதலின், மருத்துவ நூலோர் துணிந்து கூறுவனவற்றை எளிய முறையில் தொகுத்துரைத்தல் பயனுடைத்தாகும் எனக் கருதினோம்.

பண்டையோர் கண்ட பூனை

தமிழர்க்குப் பூனை புதிய விலங்கன்று. வெருகு என்றும் பூசை என்றும் அதனைப் பழைய நூல்கள் வழங்கும். கீரி, வெருகு, எலி, அணில் என்னும் நான்கின் இளமைக்கும் 'குட்டி' என்னும் பெயர் உரியது என்றும், 'பறழ்' என்று கூறினும் இழுக்கில்லை என்றும் தொல்காப்பிய மரபியல் விதிக்கின்றது. எனவே, நாம் இன்று கூறும் பூனைக்குட்டி என்னும் தொடர் இலக்கண வழக்குடையதேயாம்.

வைணவ சமயத்தார், இறைவன் உயிர்களை ஆட்கொள்ளும் முறையை விளக்குதற்கு இரண்டு நியாயங்கள் கூறுவர். ஒன்று மர்க்கட கிசோர நியாயம். மற்றையது மார்ச்சால கிசோர நியாயம். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியோ யாதும் செய்யாது கிடக்கும். தாயே அதனைக் கவ்வி வேண்டுமிடத்துக்குக் கொண்டு செல்லும். இவ்வுவமையை முதலிற் கண்டவர் பூனையை நுணுகி நோக்கியவராதல் வேண்டும். கண் திறவாமலும் காது திறவாமலும் தன் உடற்சூட்டைத் தானே காக்கும் ஆற்றலின்றியும் பிறக்கும் பூனைக்குட்டி, முழுதும் தாயையே சார்ந்தது. ஆயின், அத்தாயின் காவல் ஏறக்குறைய எட்டு வாரத்தோடு தளர்ந்துவிடுகின்றது. தாய் விட்ட இடத்தில் வளர்ப்பவன் பற்றுதல் வேண்டும். அப்பற்றுதலே இங்கு நாம் கூறவந்த நோய்த்தடுப்பு.

தீவகத்திற் பூனை

தனிநாயக அடிகள் 1913 ஆம் ஆண்டிற் பிறந்த ஊர் என்று தமிழுலகு அறிந்த கரம்பொன், ஊர்காவற்றுறையை அடுத்துள்ளது. பனந்தோப்பும், கிடுகு வேலியும், கடற்றொழிலும் கொண்ட இப்பகுதியில் எலிக்குக் குறைவில்லை. வலையை அறுப்பதும், நெல்மூடையைத் துளைப்பதும், கருவாட்டைக் கவர்வதும் எலியே. ஆகவே பூனை ஈங்கு அழகுக்கு வளர்க்கும் விலங்கன்று. வீட்டுப் பணியாள் எனலாம்.

1990 ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் தீவக மக்களிற் பெரும்பாலோர் வீடு வாசலை விட்டு இடம்பெயர நேர்ந்ததை யாவரும் அறிவர். மீண்டவர் பலர், மீளாதவரும் பலர். ஆளில்லா மனைகள் இன்றும் உள. அவற்றின் இடிந்த சுவர்களுக்கிடையே உரிமையாளரற்ற பூனைகள் ஈன்று பெருகுகின்றன. வீட்டுப் பூனை இரவில் அவற்றோடு கூடிச் சண்டையிட்டுக் காலையில் நம் பிள்ளையின் மடியில் வந்து படுக்கின்றது. இக்காரணத்தால், நம் ஊரில் ஒரு வீட்டுக்குட்டியைக் காத்தல் அவ்வீட்டு அலுவல் மட்டும் அன்று. ஊரின் நலத்தோடும் தொடர்புடையது.

முதல் எட்டு வாரம்

பூனையின் சூற்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். பிறந்த குட்டி 100 கிராம் அளவினதாய் இருக்கும். நலமுள்ள குட்டி நாள்தோறும் பத்துக் கிராமுக்குக் குறையாமல் நிறை ஏறும். சமையலறைத் தராசில் நாளுக்கொரு முறை நிறுத்துக் குறித்துவைத்தல் மிக எளிய காவலாகும். நிறை ஏறாமல் நிற்பதும் குறைவதும் நோயின் முதல் அறிகுறி. குட்டி கத்துவதற்கும் சோர்வதற்கும் முன்னரே தராசு அதனைத் தெரிவித்துவிடும்.

ஈன்றவுடன் தாயிடம் சுரக்கும் முதற்பாலை, பசுவாயின் கடும்பு என்போம். நோயை எதிர்க்கும் பொருள்கள் தாயின் குருதியிலிருந்து அப்பாலின் வழியே குட்டிக்குச் செல்கின்றன. குட்டியின் குடல் அவற்றை உள்ளேற்கும் வாயில், பிறந்த முதல் நாளுக்குள்ளேயே அடைபட்டுவிடும். ஆதலின், ஈன்ற அன்றே ஒவ்வொரு குட்டியும் முலையைப் பற்றுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். மெலிந்த குட்டியை வலியவை தள்ளிவிடுவதுண்டு. அதனை எடுத்து முலையிற் சேர்ப்பிக்க வேண்டும்.

தாயை இழந்த குட்டிகட்குப் பசுப்பால் ஊட்டுவது நம் வழக்கம். பசுப்பால் பூனைப்பாலினும் புரதமும் கொழுப்பும் குறைந்தது. அன்றியும் கழிச்சலை உண்டாக்கும். கழிச்சல் கண்ட சிறு குட்டி ஒரே நாளில் நீர்வற்றி இறக்கும். பூனைக்குட்டிக்கென விற்கப்படும் பால்மாவைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டுப் பெறுதலே தக்கது. பாலூட்டுமுன் நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு முதலில் வேண்டுவது சூடு. அதன் பின்னரே பால். உடல் குளிர்ந்தபோது குடல் இயங்காது. ஊட்டிய பால் செரியாது கெடும். வெந்நீர் நிறைத்த போத்தலைத் துணியாற் சுற்றி அருகில் வைத்து, உடல் மெல்லச் சூடேறியபின், வயிறு நிலத்தை நோக்கியிருக்க வைத்து ஊட்டுக. மல்லாத்தி ஊட்டினால் பால் மூச்சுக்குழலிற் புகும். மூன்று வாரம் வரை குட்டி தானே சிறுநீர் கழிக்கமாட்டாது. தாய் நக்குவது அதற்காகவே. தாயில்லாவிடத்து ஈரப்பஞ்சினால் மெல்ல ஒற்றுதல் வேண்டும்.

கண்கள் ஏழு முதற் பதினான்கு நாளுள் திறக்கும். நான்காம் வாரத்திலிருந்து மென்மையான உணவைப் பழக்கலாம். எட்டு வாரம் நிறையுமுன் தாயைவிட்டுப் பிரித்தல் தகாது.

குடற்புழு

"புழுப் பூச்சி இல்லாத குட்டி உண்டோ" என்று முதியோர் கூறுவர். அக்கூற்று உண்மைக்கு மிக அண்மையது. வட்டப்புழுவின் இளம்புழுக்கள் தாயின் தசைகளில் உறங்கிக் கிடந்து, பால் சுரக்கும் காலத்தில் விழித்துப் பாலோடு குட்டியை அடைகின்றன. தாய் நலமாயிருப்பதும் வீடு தூய்மையாயிருப்பதும் இதனைத் தடுக்கமாட்டா. வயிறு மட்டும் பானைபோற் பருத்து உடல் மெலிந்திருக்கும் குட்டி, 'கொழுத்த குட்டி' அன்று. புழுப் பற்றிய குட்டி.

ஆகவே, மூன்றாம் வாரத்திலேயே புழுமருந்து தொடங்க வேண்டும் என்பது மருத்துவர் கொள்கை. பால்குடி மறக்குங்காறும் இரு வாரத்துக்கொரு முறையும், அதன்பின் ஆறு மாதம் வரை மாதத்துக்கொரு முறையும் கொடுப்பர். தாய்க்கும் அதே காலத்தில் மருந்து வேண்டும். மருந்தின் அளவு குட்டியின் நிறையைப் பொறுத்தது. பிள்ளைகளுக்கு வாங்கிய புழுக்குளிசையை உடைத்துக் கண்ணளவாற் கொடுத்தல் ஆகாது.

கொளுக்கிப்புழுவைப் பற்றியும் ஒரு சொல். இவ்வினத்துள் ஒன்றுக்கு அறிவியலார் இட்ட பெயரிலேயே நம் நாட்டின் பெயர் உளது. 1911 ஆம் ஆண்டில் லூசு என்னும் அறிஞர், இலங்கையிற் கிடைத்த புனுகுப்பூனையொன்றின் குடலிற் கண்ட புழுவை விளக்கி, அதற்கு 'சிலானிக்கம்' என்று பெயரிட்டார். நாய்க்கும் பூனைக்கும் உரிய அப்புழு மனிதர் குடலிலும் வளரவல்லது என்பது இன்று தெளிவாகியுள்ளது. அதன் இளம்புழு மண்ணில் வாழ்ந்து தோலைத் துளைத்து நுழையும். எனவே, பூனை மலங்கழிக்கும் மணலில் வெறுங்காலோடு விளையாடும் சிறுவர்க்கும் பூனையின் புழுமருந்து ஒரு காப்பேயாகும்.

தீவகத்திலே நன்னீர்க் கிணறுகளின் அருமை நமக்குத் தெரியும். ஆழங்குறைந்த கிணறும் சுண்ணக்கல் நிலமும் கொண்ட இடத்தில், பூனைமலத்தைக் கிணற்றுக்கட்டின் அருகே விடுதல் கேடு. கிணற்றுக்கு எட்டத்தே மணற்பெட்டி வைத்துப் பழக்கி, மலத்தை நாள்தோறும் அகற்றிப் புதைக்க வேண்டும். நாள்தோறும் என்பதற்குக் காரணம் உண்டு. கருவுற்ற மகளிரின் குழந்தைக்கு ஊறு விளைக்கும் தொக்சொப்பிளாசுமா என்னும் நுண்ணுயிரின் முட்டைகள், மலத்தோடு வெளிப்பட்டு ஒருநாளேனும் கழிந்த பின்னரே தொற்றும் ஆற்றல் பெறும். கருவுற்ற பெண்கள் அவ்வேலையைப் பிறரிடம் விடுதல் நன்று. பூனையை வீட்டை விட்டு ஓட்ட வேண்டியதில்லை.

தெள்ளு

தெள்ளு கடித்தால் சொறிவு மட்டுமே என்று எண்ணுகின்றோம். அரைக் கிலோ நிறையுள்ள குட்டியின் உடலிற் பல தெள்ளுகள் குருதி குடித்தால், அது வெளிறிச் சோர்ந்து இறக்கவுங் கூடும். தெள்ளை விழுங்கும் குட்டிக்கு நாடாப்புழுவும் உண்டாகும்; அப்புழுவின் முட்டை தெள்ளின் வயிற்றிலேயே வளர்கின்றது. பூனைக் கீறலாற் காய்ச்சலும் நெறிக்கட்டலும் தோன்றும் ஒரு நோயின் கிருமியும் தெள்ளின் எச்சத்திலிருந்தே நகத்தில் ஒட்டுகின்றது.

தெள்ளின் முட்டைகள் பூனையின் உடலில் நில்லாமல் உதிர்ந்து, படுக்கைச் சாக்கிலும் தரைவெடிப்பிலும் கிடந்து வளரும். ஆதலின் குட்டியை மட்டும் பார்த்தாற் போதாது. படுக்கைத் துணியைக் கிழமைக்கொரு முறை கொதிநீரில் அலசி வெயிலிற் போடுக. குட்டிக்குச் சிறுபற்சீப்பு வாருதலே பாதுகாவலானது. மண்ணெண்ணெய் பூசுதலை அடியோடு கைவிட வேண்டும். பூனை தன் உடலை நக்கும் விலங்கு. பூசியது யாவும் வயிற்றுட் செல்லும். நாய்க்கென விற்கும் தெள்ளு மருந்துகளிற் பேர்மெத்திரின் கலந்தவை உள. அவை பூனைக்கு நஞ்சு. அவ்வாறே, காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பனடோல் ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதியது. அதனைச் சிதைக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை. இரக்கத்தாற் கொடுத்த மருந்தே நஞ்சாகும் இடம் இஃது.

தடுப்பூசியின் நுட்பம்

பூனைக்குட்டிகளைக் கூட்டங் கூட்டமாகக் கொல்லும் நோய் ஒன்றுண்டு. வாந்தி, கழிச்சல், கடுஞ்சோர்வு, நீர்ப்பாத்திரத்தின்மேல் தலையைத் தொங்கவிட்டுக் குடிக்காது கிடத்தல் என்பன அதன் குறிகள். குருதியின் வெள்ளணுக்களை அழிப்பதால் அதனை வெள்ளணுக்குறை நோய் எனலாம். 'குட்டிகளுக்கு யாரோ நஞ்சு வைத்துவிட்டார்' என்று அயலாரோடு பகை கொள்வார் உளர். பல வேளைகளில் உண்மைக் காரணம் இந்நோயேயாதல் கூடும். இதன் வைரசு வெளியிடத்தில் பல மாதம் அழியாது கிடக்கும். சவர்க்காரத்துக்கு அடங்காது, வெளிற்றும் நீருக்கே அடங்கும். ஆகவே, ஒரு குட்டி இறந்த சாக்கில் அடுத்த குட்டியை இட்டு வளர்த்தல் மரணத்தைத் திரும்ப அழைத்தலாகும். இதனோடு, மூக்கொழுக்கும் கண்ணோயும் வாய்ப்புண்ணும் உண்டாக்கும் வேறிரு வைரசுகளும் குட்டிகளை வருத்துவன. மூன்றுக்கும் ஒரே ஊசியிற் காப்பு உண்டு.

அவ்வூசியை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கொரு முறையாகப் பதினாறு வாரம் நிறையும் வரை ஏற்றுவர். ஒரு முறை போதாதோ, இஃது ஊசிக்காரரின் வருவாய்க்கோ என்று ஐயுறுவார்க்கு விடை கூறுவோம்.

முதற்பாலில் தாய் கொடுத்த காப்பு ஒரு சீதனம் போன்றது; நாளடைவிற் செலவாகித் தீர்வது. அஃது உள்ளவரை, உட்புகும் பகையை அழிக்கும். தடுப்பூசி என்பது வலியொடுக்கப்பட்ட பகையே. குட்டியின் உடல் அதனோடு பொருது பயிற்சி பெற வேண்டும் என்பதற்காகவே அதனை உட்செலுத்துகின்றோம். ஆனால், தாய் தந்த காவலர் மெய்ப்பகை இது, பயிற்சிப் பகை இது என்று வேறுபாடு காணார். ஊசிமருந்தையும் அழித்துவிடுவர். குட்டி பயிற்சி பெறாமலே நிற்கும். சில வாரங்களிற் காவலரும் தொலைவர். அக்காப்பு எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஒரே ஈற்றுக் குட்டிகளிடத்தும் வேறுபடும். அந்நாளை வெளியிற் பார்த்து அறிய இயலாமையின், இடையிட்டு இடையிட்டுப் பன்முறை ஏற்றுகின்றனர். எனவே, பதினாறாம் வாரத்தை அடுத்து ஏற்றும் இறுதி ஊசியே எல்லாவற்றினும் இன்றியமையாதது. 'இரண்டு போட்டாயிற்று, போதும்' என்று நிறுத்துதல், கூரை வேயுமுன் வீடு குடிபுகுதலை ஒக்கும்.

இன்னொன்றும் நோக்குக. தடுப்பு மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசு குளிரிற் பேணப்படுதல் வேண்டும். பட்டினத்தில் வாங்கிச் சட்டைப்பையில் இட்டுப் பண்ணைத் தாம்போதி வழியே பேருந்தில் வெயிலிற் கொண்டுவரும் மருந்து வெறும் நீரோடு ஒக்கும். குறிகட்டுவானிலிருந்து படகேறி நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் செல்வோர்க்கு இது பின்னும் பொருந்தும். மருந்தைத் தனியே கொணர்வதினும், குட்டியை வைத்தியரிடம் கொண்டு செல்லுதல் அல்லது குளிர்ப்பெட்டியோடு வைத்தியரை வரவழைத்தல் நலம். அயலார் நால்வர் கூடி ஒரே நாளில் தத்தம் குட்டிகளைக் கொண்டுசென்றால் வண்டிச் செலவும் குறையும்.

நீர்வெறுப்பு நோய்

இதுகாறும் கூறியவை குட்டியின் உயிரைப் பற்றியன. இனிக் கூறுவது பிள்ளையின் உயிரைப் பற்றியது.

விசர்நோய் என்றால் நாயையே நினைக்கின்றோம். நம் நாட்டில் இந்நோயைப் பெரிதும் பரப்புவது நாயே என்பது உண்மை. ஆயினும், நாய் கடித்த பூனைக்கும் அந்நோய் வரும். அப்பூனையால் மனிதருக்கும் வரும். குறிகள் தோன்றியபின் இதனின்று பிழைத்தல் அரிதினும் அரிது. 1893 ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்ட நாடு நமது. அவ்வாறிருந்தும் 1973 ஆம் ஆண்டில் இந்நோயால் இந்நாட்டில் 377 பேர் மாண்டனர். நாய்கட்கு ஊசியேற்றியும், கடியுண்டார்க்கு மருந்தளித்தும், அண்மை ஆண்டுகளில் அத்தொகை ஐம்பதுக்கும் கீழ் இறங்கியுள்ளது. எஞ்சிய இறப்புக்களும் தவிர்க்கக்கூடியனவே.

1885 ஆம் ஆண்டு யூலை மாதம் 6 ஆம் நாள், யோசேப்பு மைசுத்தர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாச்சர் முதன்முதலாக இந்நோய்க்குரிய தடுப்பு மருந்தை ஏற்றினார், சிறுவன் பிழைத்தான். பாச்சர் மறைந்த செத்தெம்பர் 28 ஆம் நாளே இன்று உலக விசர்நோய் நாளாகக் கொள்ளப்படுகின்றது. மருந்து கண்டு ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாகியும் ஒரு பிள்ளை இந்நோயால் இறக்குமாயின், குறை மருந்தில் இல்லை, நம்மிடமே உள்ளது.

பூனைக்குட்டிக்கு மூன்று மாத வயதில் இவ்வூசியை ஏற்றி, ஓராண்டில் மீட்டும் ஏற்றுதல் பொதுமுறை. அதற்கு முன்னரே ஏற்ற வேண்டுமென வைத்தியர் கருதின் அவர் சொற்படி நடக்க. அரசினர் நடத்தும் தடுப்பூசி முகாம்களிற் கட்டணமின்றி ஏற்றுவதுண்டு. நாயைச் சங்கிலியிற் கொண்டு செல்வோர் பூனைக்குட்டியையும் காற்றோட்டமுள்ள கூடையொன்றில் வைத்துக் கொண்டு செல்க.

கடியோ கீறலோ நேர்ந்தால், ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டுக் கால் மணி நேரம் கழுவுதலே முதல் மருத்துவம். மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய், மிளகாய்த்தூள் ஒன்றும் பூசற்க. பின்னர்த் தாமதியாது ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ செல்க. அரசினர் வைத்தியசாலைகளில் இம்மருந்து இலவசமாகவே கிடைக்கின்றது. கடித்தது குட்டி, கடித்தது வீட்டுப் பூனை, கடி சிறிது என்னும் மூன்றும் வாளாவிருத்தற்குக் காரணமாகா. ஊசி வேண்டுமா வேண்டாவா என்று தீர்ப்பவர் வைத்தியரே. நாமும் அல்லேம், பாட்டியும் அல்லர்.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஒன்று கூறுதல் வேண்டும். தெருவிற் கண்ட குட்டியைச் சிறுவர் புத்தகப்பையில் ஒளித்துக் கொணர்வர். கையிற் கை மாற்றுவர். அது கடித்தால் அடிக்கு அஞ்சி மறைப்பர். அடிக்கு அஞ்சி மறைத்த கடி, மாதங்கள் கழிந்து உயிரைக் கொள்ளும். ஆதலின், "பூனையைத் தொட்டாயா" என்று பிரம்பெடுத்து வினவும் வழக்கத்தை விடுத்து, "கடித்தால் உடனே சொல், உன்னை ஒருவரும் ஏசார்" என்று பிள்ளைகட்கு முன்கூட்டியே உறுதி கூறுதல் வேண்டும். அவ்வுறுதியும் ஒரு தடுப்பூசியே.

பெருக்கமும் புறக்கணிப்பும்

பெண்பூனை நான்காம் ஐந்தாம் மாதத்திலேயே சூல்கொள்ளும் ஆற்றல் பெறும். ஆண்டில் இருமுறையும் மும்முறையும் ஈனும். மிகுந்த குட்டிகளைச் சாக்கிலிட்டுச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விட்டுவருதலை நம்மவர் கொலையாகக் கருதுவதில்லை. பாலும் சூடும் ஊசியுமற்று அங்கு விடப்படும் குட்டிகளுட் பல, பட்டினியாலும் நோயாலும் நாயாலும் மாய்கின்றன. கொல்லாமை அதிகாரத்தை மனனஞ் செய்த நாம், கொலையைக் கண்மறைவிற் செய்தால் அறமாகும் என்று எண்ணுதல் பொருந்துமோ? இதற்குத் தக்க வழி கருத்தடைச் சத்திரசிகிச்சையே. ஐந்தாம் மாதத்துக்குள் அதனைச் செய்விக்கலாம். 'ஒருமுறையேனும் ஈன வேண்டும்' என்பது ஆதாரமற்ற நம்பிக்கை. கடுவன் பூனைக்கும் அதனைச் செய்வித்தால், இரவுச் சண்டையும் அதனால் வரும் கடிநோய்களும் குறையும்.

புதிதாக ஒரு குட்டியைக் கொணர்வோர், அதனை இரு வாரம் பிற பூனைகளோடு சேரவிடாது தனியே வைத்து நோக்குக. அவ்விரு வாரத்துள் நிறை பார்த்தல், புழுமருந்து, தெள்ளு நீக்கல், வைத்தியரிடம் காட்டல் என்பனவற்றை முடிக்கலாம். ஒரு சிறு கொப்பியில் பிறந்த நாள், நிறை, மருந்து, ஊசி ஆகியவற்றை நாளிட்டு எழுதி வைத்தல் மறதிக்கு மருந்து. வீட்டுப் பிள்ளையொன்றிடம் அக்கொப்பியை ஒப்படைத்தால், அதற்கு எழுத்தும் கணக்கும் இரக்கமும் ஒருங்கே வளரும்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் இன்று உலகெங்கும் பரந்து வாழ்கின்றனர். அவருட் கால்நடை மருத்துவம் பயின்றாரும் உளர். பொருள் வளம் பெற்றாரும் உளர். ஊருக்குக் கோபுரமும் மண்டபமும் எழுப்ப முன்வரும் நல்லோர், ஆண்டுக்கொரு முறை தீவகத்தில் ஒரு தடுப்பூசி நாளையும் ஒரு கருத்தடை முகாமையும் நடத்த உதவுவாராயின், அதனாற் பூனைகள் மட்டுமன்றி நம் பிள்ளைகளும் பிழைப்பர். பேச இயலாத உயிர் தன் நோயைச் சொல்லாது. அதற்காகச் சொல்லுதலும், சொல்லுமுன் காத்தலும் கற்றோர் கடன் என்க.